சூட்டுக்கோலும் பதிவேடும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் வியாபாரக் குறியின் வரலாறு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையான எழுவான்கரையிலே மீன்பிடியும் தென்னையும் நெசவும் வாணிபமும் வளர்ந்தன. படுவான்கரையிலே நெல்லும் மந்தையும் பெருகின. இவ்விரு கரைகளுக்கும் இடையே தோணியேறிச் சென்ற பண்டங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். அப்பண்டங்களின் மேல் இடப்பட்ட குறிகளைப் பற்றிய பேச்சு அவ்வளவாக எழுவதில்லை. ஆயினும், ஒரு பொருள் எவருடையது, எவர் கைப்பட்டது என்பதை அறிவிக்கும் குறியானது இப்பிரதேசத்தின் பொருளியல் வாழ்வோடு நெடுங்காலமாகப் பிணைந்து வந்துள்ளது. குறியை எவ்வாறு பெறுவது என்பதை விட, பெற்ற குறியை எவ்வாறு காத்துக்கொள்வது என்பதே இங்கு மக்களுக்குப் பெரிய வினாவாக இருந்துள்ளது. இன்றைய சட்டம் அதனைப் புதுப்பித்தல் என்னும் சொல்லாற் குறிக்கின்றது.

பொருளுக்குக் குறியிடும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியிலே, வந்திறங்கிய பண்டங்கள் மீதும் ஏற்றுமதியாகும் பண்டங்கள் மீதும் சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. எனினும் அது அரசின் முத்திரை. சுங்கம் செலுத்தப்பட்டது என்பதை அது உணர்த்துமேயன்றிப் பண்டத்தைச் செய்தவர் யார் என்பதை உணர்த்தாது. செய்தவனும் உடையவனும் தம்மை அறிவிக்கும் குறி வேறு வகையைச் சார்ந்தது. மட்டக்களப்பிலே அவ்வகைக் குறிக்கு மிகத் தெளிவான சான்று ஏட்டில் அன்று, மாட்டின் தோலிலேயே கிடைக்கின்றது.

படுவான்கரைப் போடிமாரின் செல்வம் நெல்லால் மட்டும் அளக்கப்பட்டதன்று. பட்டியில் நின்ற மாடுகளின் தொகையும் அவ்வளவிற் சேர்ந்தது. வேளாண்மைக் காலத்தில் இம்மாடுகள் வயற்புறங்களினின்று அகற்றப்பட்டுக் காட்டோர மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்லப்படும். மயிலத்தமடு, மாதவணை முதலிய இடங்கள் இவ்வகையிற் பெயர் பெற்றவை. பல ஊராரின் மந்தைகள் வேலியற்ற வெளியிலே கலந்து மேயும்போது உடைமையை நிலைநாட்ட வேறு வழி இல்லை. எனவே இரும்புக் கோலைக் காய்ச்சி மாட்டின் உடலிற் சுட்டனர். குறிசுடுதல் என்பது இவ்வழக்கத்துக்கு இன்றும் வழங்கும் பெயர்.

இக்குறிகளின் அமைப்பு வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. மட்டக்களப்புத் தமிழ்ச் சமூகம் குடி என்னும் தாய்வழிக் குழுக்களாக அமைந்தது. பிள்ளை தாயின் குடியைச் சார்வது. திருமணம், கோயில் நிருவாகம், திருவிழா உரிமை என்பனவெல்லாம் குடியைக் கொண்டே வகுக்கப்பட்டன. மாட்டுக்கு இடும் குறியும் குடியைத் தழுவியே அமைந்தது. குடிக்கெனச் சுடப்படும் குறி ஒன்று. அதனோடு உடையவரின் பெயரெழுத்துகள் வேறு. ஒரு குறி கூட்டத்தை அறிவிக்க மற்றொன்று தனியாளை அறிவித்தது. கூட்டுக் குறி, தனிக் குறி எனப் பிற்காலச் சட்டம் பிரித்துக் காட்டும் இரு வகைகளையும் ஒரே மாட்டின் விலாவில் காணக்கூடியதாயிருந்தது என்பது வியப்புக்குரியதே. பிராண்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் ஆதியில் தீயாற் சுடுதலையே குறித்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

குறிசுடுதலை ஒருமுறை செய்து முடித்துவிட முடியாது. கன்றுகள் ஆண்டுதோறும் பிறக்கின்றன. குறி சுடாத கன்று பட்டியிலிருந்து விலகிப் போனால் அதற்கு உரிமை கோருவது அரிது. பட்டி உள்ளவரையில் சூட்டுக்கோலும் அடுப்பும் ஓயாமல் இயங்கவேண்டும். பட்டி அழிந்தபின் குடிக்குறி எவருடைய நினைவில் இருந்தாலும் அது வெறும் கோடே. சுருங்கக் கூறின், குறியின் உயிர் அதன் பயன்பாட்டில் இருந்தது. மாடு கைமாறும்போது குறியும் பேசியாக வேண்டும். அதன் பொருட்டுப் பிற்கால அரசு உடைமைச் சீட்டு முறையை ஏற்படுத்தியது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் இன்றும் இத்துறையின் அடிப்படைச் சட்டமாக உள்ளது. இவ்வாறு சுட்ட குறிக்கு எழுத்துச் சான்று துணையாயிற்று.

1876ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இரு வகையாலும் குறிக்கத்தக்கது. அவ்வாண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டத்தின் வலுவை இல்லாமற் செய்தது. தாய்வழி மரபுரிமையை வகுத்து நின்ற அவ்வழக்குச் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ நூலாகத் தொகுத்து வெளியிட்டதும் அதே ஆண்டிலேயாம். சட்டம் சாகும் தறுவாயில் அதற்கு நூல் கிடைத்தது என்று சொல்லத் தோன்றுகின்றது. அதே 1876ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இலண்டனிலே வியாபாரக் குறிகளின் பதிவேடு திறக்கப்பட்டது. முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பயன் அது. அப்பதிவேட்டில் முதலாம் இலக்கத்தைப் பெற்றது பாஸ் என்னும் மதுவடிசாலையின் சிவப்பு முக்கோணம். நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் புத்தாண்டுக்கு முந்திய இரவு முழுவதும் அலுவலக வாயிலில் காத்துநின்று அவ்விலக்கத்தைப் பெற்றார் என ஒரு கதை உண்டு. பிரெஞ்சு ஓவியர் மனே 1882இல் தீட்டிய புகழ்பெற்ற மதுச்சாலை ஓவியத்திலும் அம்முக்கோணம் தாங்கிய போத்தல் இடம்பெற்றுள்ளது. அந்நிறுவனம் கைமாறிய பின்னரும் முதலாம் இலக்கக் குறி பதிவேட்டை விட்டு அகலவில்லை. தவணை தவறாது எவரோ ஒருவர் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி வந்துள்ளார் என்பதே அதன் நீண்ட ஆயுளின் இரகசியம்.

தாய்வழிக் குடியின் வழக்குரிமை சட்டத்தின் கண்ணில் மறைந்த அதே ஆண்டில், பதிவேட்டு உரிமை உலகின் மற்றொரு மூலையிற் பிறந்தது தற்செயலான நிகழ்ச்சியே. ஆனால் இரண்டுக்கும் பின்னால் நின்ற கருத்து ஒன்றுதான். ஊரார் அறிந்திருப்பதால் உரிமை நிலைப்பதில்லை, அலுவலகம் அறிந்திருப்பதாலேயே அது நிலைக்கும் என்பது அக்கருத்து. 1883ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் பதிவுக்கு 14 ஆண்டு ஆயுளை வகுத்து, அத்தவணை முடியுமுன் கட்டணம் செலுத்தப்படாவிடின் குறியை நீக்குவதற்கு இடமளித்தது. நீக்குமுன் உடையவருக்கு அறிவித்தல் அனுப்பப்படவேண்டும் என்றும் அது விதித்தது. அதே 1883ஆம் ஆண்டில் கைத்தொழிற் சொத்துப் பாதுகாப்புக்கான பாரிஸ் உடன்படிக்கையும் எழுந்தது. இலங்கை அதில் இணைந்தது 1952ஆம் ஆண்டு டிசெம்பரிலாகும்.

இலங்கைக்கு இப்பதிவேட்டு முறை 1888ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. 1925ஆம் ஆண்டின் வியாபாரக் குறிகள் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பிரித்தானிய இந்தியாவில் 1940ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இத்தகைய பதிவேடு எதுவும் இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இலங்கை முந்தி நின்றது. இம்முந்துதல் நாட்டவர் தொழிலின் வளர்ச்சியால் ஏற்பட்டதெனக் கருதுவது தவறு. கொழும்புத் துறைமுகத்தின் வழியே இறங்கிய துணி, மருந்து, சவர்க்காரம், தீப்பெட்டி ஆகியனவும், ஏறிச்சென்ற தேயிலையும் அப்பதிவேட்டின் தேவையை உண்டாக்கின. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் நிழலில் வளர்ந்த சட்டமே அது.

வாவிக்கரை மக்கள் பதிவேட்டை அறிந்திராவிடினும் குறியை நன்கு அறிந்திருந்தனர். 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியபின் கொழும்புக் கடைப் பொருள்கள் விரைவாக வந்திறங்கின. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்துப் பொருளைக் கேட்டு வாங்கினர். யானை மார்க்கு, சங்கு மார்க்கு என்று பொருளுக்குப் படமே பெயராயிற்று. மான்செஸ்டர் நகரத்துத் துணி வணிகர் ஆசியச் சந்தைக்கென விலங்குகளும் தெய்வங்களும் வரையப்பட்ட வண்ணச் சீட்டுகளைத் துணிக்கட்டில் ஒட்டி அனுப்பியதும் இக்காரணம் பற்றியே. மாட்டின் விலாவிற் குடிக்குறியைப் படித்த கண்களுக்கு இது கடினமான பாடமாய் இருந்திருக்க முடியாது.

பிறர் குறியைப் படித்தவர்கள் தமது குறியை நாட்ட முயன்ற இடம் நெசவு. எழுவான்கரையின் காத்தான்குடியும், வாவியின் தென்முனைக்கு அண்மையிற் கடலோரமாக அமைந்த மருதமுனையும் கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர்கள். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை மருதமுனையும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மருதமுனைச் சாரம் என்றால் கிழக்கிலங்கை முழுவதும் அதன் தரம் விளங்கும். பாவோடுவோர், நூலுக்குச் சாயம் காய்ச்சுவோர், தார் சுற்றும் பெண்கள், தறியில் அமர்வோர் என ஒரு குடும்பமே தொழிற்கூடமாக இயங்கிய காலம் அது. 1970 முதல் 1977 வரையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில் உள்நாட்டுக் கைத்தறிக்கு நல்ல சந்தை வாய்த்தது. நூல் கிடைத்தால் போதும், நெய்தது விலைபோகும் என்ற நிலை.

விற்கும் காலத்தில் குறியைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. சாரத்தை மடித்து மூலையில் ஒட்டும் சிறு கடதாசிச் சுட்டி கடைக்காரருக்கான அடையாளமாக மட்டுமே கருதப்பட்டது. சந்தை நெருக்கடிக்கு உள்ளாகும்போதுதான் சுட்டி சொத்தாகின்றது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்ததும் விசைத்தறித் துணிகள் வெளிநாடுகளிலிருந்து தாராளமாக வந்து குவிந்தன. கைத்தறி நாடெங்கும் தளர்ந்தது. அடுத்த ஆண்டே, 1978 நொவெம்பர் 23ஆந் திகதி, மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கித் தென்னையையும் வீட்டையும் ஒருங்கே வீழ்த்தியது. புதிய சட்டமாகிய புலமைச் சொத்துக் கோவை 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டமாக வந்தபோது இக்கரையின் தொழிலாளர் கூரைக்கு ஓலை தேடிக்கொண்டிருந்தனர். சட்டம் இயற்றுவோரின் நாட்காட்டியும் உழைப்போரின் நாட்காட்டியும் ஒன்றாக ஓடுவது அரிது.

1979ஆம் ஆண்டுக் கோவை, வளர்ச்சியடைந்துவரும் நாடுகளுக்கென 1967இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது. அதன் இடத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது. பதிவின் போக்கைச் சுருக்கமாகக் கூறலாம். குறியை விரும்புபவர் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு, எந்த வகைப் பொருளுக்கு அது வேண்டும் என்பதைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். குறி ஆராயப்பட்டு ஏற்கப்பட்டால் வர்த்தமானியில் வெளியாகும். மூன்று மாதங்களுக்குள் எவரும் எதிர்க்காவிடின், அல்லது எதிர்ப்பு வெல்லாவிடின், பதிவு நிறைவேறும். பதிவின் ஆயுள் 10 ஆண்டு. அவ்வாயுள் சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. விண்ணப்பம் சென்று சேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றது. ஆராய்விலும் வர்த்தமானியிலும் கழியும் காலம் உடையவரின் கணக்கிலேயே குறைகின்றது. சுவரில் மாட்டிய சான்றிதழின் திகதியை மட்டும் பார்த்து நிம்மதியடைபவர் ஏமாறுவது இவ்விடத்திலேயாகும்.

புதுப்பித்தல் இதனிலும் எளியது. மேலும் பத்துப் பத்து ஆண்டுகளாக எத்தனை முறையேனும் பதிவைப் புதுப்பிக்கலாம். அப்போது குறி மீண்டும் ஆராயப்படுவதில்லை, எதிர்ப்புக்கும் இடமில்லை. விதித்த கட்டணத்தை உரிய காலத்திற் செலுத்தினால் போதும். காலம் தவறினால் மேலும் ஆறு மாதச் சலுகை உண்டு. அதற்கு மேலதிகக் கட்டணம் செலுத்தவேண்டும். இந்த ஆறு மாதம் பாரிஸ் உடன்படிக்கை எல்லா உறுப்பு நாடுகளிடமும் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த சலுகையாகும். புலமைச் சொத்துரிமைகளில் காப்புரிமை ஒருநாள் முடிவது, பதிப்புரிமையும் முடிவது. வியாபாரக் குறியோ முடிவின்றி வாழக்கூடியது. அந்த நித்தியத்துவம் பத்தாண்டுத் துண்டுகளாகவே வழங்கப்படுகின்றது. ஒவ்வொரு துண்டையும் கேட்டுப் பெறவேண்டும்.

இவ்வெளிமைக்குள்ளே மறைந்து கிடக்கும் கடினம் இரண்டு. உடையவர் இறந்தால் குறி மரபுரிமையாளருக்குச் செல்லும். அம்மாற்றத்தைப் பதிவேட்டிற் பதியவேண்டும். முகவரி மாறினாலும் அவ்வாறே. கடையை மகன் நடத்த, குறி இறந்த தந்தையின் பெயரில் பழைய முகவரியோடு கிடப்பதால் வரும் இடர் எந்த ஊரிலும் நேரக்கூடியது. இடம்பெயர்வு மலிந்த பகுதியில் அது பன்மடங்காகும். மற்றையது பயன்பாடு. ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக, தக்க காரணமின்றி, நாட்டிற் பயன்படுத்தப்படாத குறியை நீக்குமாறு பிறரொருவர் நீதிமன்றத்தைக் கோரலாம். கட்டணம் செலுத்தியிருந்தால் மட்டும் போதாது, குறி சந்தையில் நடமாடவும் வேண்டும். பட்டி அழிந்த குடிக்குறி வெறும் கோடு என்று படுவான்கரையார் கொண்ட கருத்தைச் சட்டம் வேறு சொற்களிற் கூறுகின்றது.

இவ்விடத்திலேயே மட்டக்களப்பின் அண்மைக்கால வரலாறு பதிவேட்டோடு மோதுகின்றது. 1983 யூலைக்குப் பின்னர், சிறப்பாக 1990 யூனிலிருந்து, போர் இப்பிரதேசத்தின் அன்றாட வாழ்வைச் சிதைத்தது. புகையிரதம் நீண்ட காலம் ஓடவில்லை. கொழும்புக்குச் செல்லும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை சோதனைச் சாவடிகளால் துண்டாடப்பட்டது. தறிகள் எரிந்தன, ஊர்கள் பெயர்ந்தன. தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று அஞ்சி வாழ்ந்த ஆண்டுகளில் நூல் விற்பவனும் சாரம் வாங்குபவனும் சந்திக்கும் சந்தையே குலைந்தது. 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் கல்லடி, நாவலடி முதல் மருதமுனை வரையில் கரையோரக் குடியிருப்புகளை வாரிச் சென்றது. போர் கிழக்கில் 2007இலும் நாடு முழுவதிலும் 2009 மேயிலும் ஓய்ந்தது.

ஐந்தாண்டு பயன்படுத்தாமை என்ற விதி இத்தகைய காலத்துக்கு எவ்வாறு பொருந்தும்? சட்டம் இதனை முற்றாக மறந்துவிடவில்லை. உடையவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலையாற் குறி பயன்படாது போயிருந்தால் நீதிமன்றம் அதனைக் கருத்திற் கொள்ளலாம். போரும் கடற்கோளும் அவ்வகையில் அடங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த வரி கடுமையானது: உடையவரிடம் பணம் இல்லாமையை நீதிமன்றம் காரணமாகக் கொள்ளலாகாது. உலக வர்த்தக நிறுவனத்தின் புலமைச் சொத்து உடன்படிக்கை, உடையவரின் விருப்பத்துக்குப் புறம்பான சூழ்நிலைகளை ஏற்கவேண்டும் என்று மட்டும் கூறுகின்றது. பணமின்மை பற்றிய தடை அங்கில்லை.

சட்ட வல்லுநர் இத்தடைக்கு நியாயம் காட்டக்கூடும். பணமில்லை என்று யாரும் சொல்லலாம்; அதனை ஏற்றால் பயனற்ற குறிகளாற் பதிவேடு நிரம்பிப் புதியவர்க்கு இடமில்லாது போகும் என்பர். சாதாரண காலத்துக்கு அவ்வாதம் பொருந்தும். வாவிக்கரையிலோ போரும் வறுமையும் இரு வேறு காரணங்கள் அல்ல. தறி எரிந்தது போரால். புதிய தறி வாங்க முடியாதது பணமின்மையால். முதலாவது ஆண்டின் மௌனத்தைப் போர் விளக்கும். துப்பாக்கிகள் ஓய்ந்தபின் ஆறாவது, ஏழாவது ஆண்டின் மௌனத்தை எது விளக்கும்? எந்த நாளில் ஒரு காரணம் முடிந்து மற்றது தொடங்கியது என்று கோடு கிழிப்பது இயலாத காரியம். கோடு கிழிக்குமாறு கேட்கின்றது சட்டம்.

இதனிலும் கூர்மையான வேறுபாடொன்று உண்டு. பயன்படுத்தாமைக்குக் காரணம் கேட்கப்படுகின்றது, நீதிமன்றம் செவிமடுக்கின்றது. புதுப்பித்தலைப் பற்றிய ஏற்பாடோ ஆறு மாதத்தைத் தருகின்றதேயன்றிக் காரணம் எதனையும் கேட்பதில்லை. நெய்ய முடியாதவனுக்கு ஒரு வாயில் திறந்திருக்கின்றது. கட்டணம் செலுத்தும் நாளைத் தவறவிட்டவனுக்கு அவ்வாயிலும் இல்லை. முன்கூறிய 1883ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தலை வலியுறுத்தியது பிரித்தானிய நகரங்களை எண்ணியே. அகதி முகாமுக்குக் கடிதம் எப்படிச் சேரும் என்பது அக்காலத்தார் எண்ணிப் பார்த்திராத வினா. இந்திய நீதிமன்றங்கள் அண்மைக் காலத்தில் இவ்விடயத்தை ஆராய்ந்துள்ளன. உடையவருக்கு முறையான அறிவித்தல் அனுப்பாமற் குறியைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது செல்லாது என டெல்லி உயர் நீதிமன்றம் மல்கோத்ரா புத்தக நிலைய வழக்கிலே தீர்ப்பளித்தது. ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் புதுப்பிக்க அது வழி திறந்தது.

பதிவை இழந்த குறி முற்றிலும் அநாதையாவதில்லை என்பதையும் கூறவேண்டும். நேர்மையற்ற போட்டியைத் தடுக்கும் ஏற்பாடு பதியாத குறிக்கும் ஓரளவு காவல் தருகின்றது. வியாபாரப் பெயரும் பதிவின்றியே காக்கப்படத்தக்கது. ஆயினும் வேறுபாடு பெரிது. பதிவு இருந்தால் சான்றிதழை நீட்டினால் போதும். இல்லையேல் குறி தன்னுடையது, வாங்குவோர் அதனைக் கண்டே வாங்கினர், பிறன் செயலால் அவர்கள் மயங்கினர் என்று ஒவ்வொன்றையும் நிரூபிக்கவேண்டும். அதற்குப் பழைய பற்றுச்சீட்டுகளும் கணக்கேடுகளும் தேவை. அவை கடற்கோளில் போயின, அல்லது தீயில் போயின.

தனியார் குறியோடு இவ்வரலாறு முடிவதில்லை. மருதமுனைச் சாரம், மட்டக்களப்புத் தயிர் என்பன ஒருவருடைய பெயர்களல்ல. பொருள் பிறந்த இடத்தை மட்டும் சுட்டும் சொல்லைத் தனியொருவர் தம் குறியாகப் பதிவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அது நியாயமானதே. எல்லார்க்கும் பொதுவான ஊர்ப் பெயரை ஒருவர் வளைத்துப் போடலாகாது. இதற்கு மாற்றாக 1979ஆம் ஆண்டுக் கோவை கூட்டுக் குறியையும், 2003ஆம் ஆண்டுச் சட்டம் சான்றுறுதிக் குறியையும் ஏற்றன. புவிசார் குறியீடுகளைப் பதிவதற்கான ஏற்பாடு 2022ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்பைப் பெற்றது. தேயிலைச் சபைக்குரிய சிங்கக் குறியோ பல நாடுகளின் பதிவேடுகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. முற்றிலும் இலங்கைத் தேயிலையாய், இலங்கையிலேயே பொதியிடப்பட்டிருந்தால் மட்டுமே அதனை இடலாம்.

சிங்கத்தின் தவணைகளை நினைவிற் கொள்ள ஒரு சபை உண்டு, சட்டத்தரணிகள் உண்டு, ஏற்றுமதியினின்று வரும் நிதி உண்டு. ஊர்ப் பெயரைக் கூட்டுக் குறியாகவோ புவிசார் குறியீடாகவோ காக்க விழையும் நெசவாளருக்கு முதலில் வேண்டுவது அத்தகைய அமைப்பு. யார் உறுப்பினர், எத்தனை இழை நூல், சாயம் எது, விசைத்தறித் துணியில் அச்சுட்டியை ஒட்டுபவரை யார் தடுப்பது, பத்தாண்டு கழித்து யார் கட்டணம் செலுத்துவது என்ற வினாக்களுக்கு விடை காணாமற் பெறும் பதிவு கடதாசியாகவே கிடக்கும். குடிக்குறியின் பின்னே குடி இருந்தது. கோயில் வண்ணக்கரும் போடியாரும் இருந்தனர். கன்றுக்குத் தவறான குறி சுட்டவனை விசாரிக்க ஊர்ச்சபை இருந்தது. அவ்வமைப்பு சாதியும் நில உடைமையும் கலந்தது என்பதையும், சிறியவன் பக்கம் அது எப்போதும் நின்றதில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆயினும் குறியைக் கண்காணிக்கும் ஒரு கூட்டம் கரையிலேயே இருந்தது. அதற்கு ஈடாகக் கூட்டுறவுச் சங்கங்களையே இன்று கருத இடமுண்டு. கைத்தறிக்கும் பாலுக்கும் கூட்டுறவு இக்கரையில் அறியப்படாத ஒன்றன்று.

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாவிக்கரை வியாபாரி ஒருவர் புதிய நம்பிக்கையோடு ஒரு குறிக்கு விண்ணப்பித்தார் என எண்ணிக்கொள்ளலாம். அதன் முதற் பத்தாண்டு 2019இன் பிற்பகுதியில் முடிந்திருக்கும். அவ்வாண்டு ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. சந்தையும் கரைகளுக்கிடையான போக்குவரத்தும் மீண்டும் அச்சத்துள் ஆழ்ந்தன. ஆறு மாதச் சலுகைக் காலத்தின் இறுதி, 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்ட நாள்களோடு சென்று பொருந்தும். அதன்பின் 2022இன் பொருளாதார நெருக்கடியில் நூலும் சாயமும் எரிபொருளும் எட்டாத விலைக்கு ஏறின. அத்தனைக்கும் இடையே கட்டணத்தைச் செலுத்தி, சுட்டியை ஒட்டி, குறியைச் சந்தையில் நடமாட விட்டிருந்தால், அவருடைய பதிவின் அடுத்த தவணை 2029.